நண்டுக்குக் கட்டிய பச்சை நூல்

"உங்க நண்டு இதுதானே? நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

நூலக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. சாப்பிட வந்தவர்களை வரவேற்பதுபோல இல்லை. திருட்டுப்போன சைக்கிளை அடையாளம் காட்டச் சொல்லும் காவலர் குரல். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. நானும் அந்த ரகம்தான். பிழைப்புக்காகப் பிறந்த நாட்டை விட்டு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வந்த இடத்தில் ஒருநாளாவது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் படியிறங்கியதில்லை. இரண்டு மொழியில் படித்தவள் என்பதால் இரண்டிலும் சந்தேகப்பட வரும்.

மூன்று நாள் விடுமுறைக்கு நானும் கணவரும் அந்தக் கடற்கரை ஊருக்குப் போயிருந்தோம். ஆறு கடலில் சேரும் இடம். சுற்றிலும் அலையாத்திக் காடு. காட்டுக்குள் படகுச் சவாரி. சேற்றில் ஒற்றைக் காலில் நின்று நம்மைக் கண்டுகொள்ளாத பறவைகள். படகுத்துறையை ஒட்டி ஒரே வரிசையில் சாப்பாட்டுக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உயிரோடு இருக்கும் மீனையோ நண்டையோ கைகாட்டினால், உள்ளே கொண்டுபோய்ச் சமைத்துத் தருவார்கள்.

சிக்கலே அங்கேதான். நாம் காட்டியது உள்ளே போகிறது. கதவு மூடிக்கொள்கிறது. அரை மணி கழித்துச் சிவப்பாக ஒன்று வெளியே வருகிறது. போனதுதான் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? செத்து இரண்டு நாளானதை வேகவைத்துக் கொடுத்துவிட்டு, நாம் காட்டியதைப் பின்வாசல் வழியாகத் தொட்டிக்கே திருப்பி அனுப்பினால்?

"இதே நண்டைக் காலையிலேர்ந்து எத்தனை பேர் வாங்கினாங்களோ" என்றேன், முதல் கடையின் தொட்டியைப் பார்த்து.

"மெதுவாச் சொல்லு, நண்டு காதுல விழப்போகுது" என்றார் கணவர்.

அப்படியே சந்தேகப்பட்டுக்கொண்டு கடைசிக் கடை வரைக்கும் நடந்துவிட்டோம். அங்கே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் நூலக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொட்டிருக்கும் வயது, முழங்கைவரை ரப்பர் கையுறை, கழுத்தில் ஒரு கயிற்றில் ஐந்து நிற நூல்கண்டுகள். நண்டைக் காட்டினால், அதன் பெரிய கொடுக்கில் நாம் கேட்கும் நிறத்தில் நூலைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். மிச்ச நூலை வெட்டி நம் கையில் தருவார். சமைத்த நண்டு நூலோடு மேஜைக்கு வரும். வந்ததும் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டுவார். வெட்டுவாய் வெட்டுவாயோடு பொருந்தினால்தான் தட்டை நம் பக்கம் தள்ளுவார்.

முதல் நாள் எங்கள் நூல் பொருந்தியது. மிளகும் பூண்டும் மணக்க, நண்டு நன்றாகவே இருந்தது. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே என்ன என்று நான் கேட்காமலேயே முதலாளி சொன்னார்.

"கேமராங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து அடுப்படி முழுக்க இந்தச் சுவத்துல டிவியில தெரியும். உங்க நண்டு குளிக்கறதையே நீங்க உக்காந்து பாக்கலாம். நூல் கீலு எல்லாம் பழைய காலம்."

நூலக்கா நாலடி தூரத்தில்தான் நின்றார். திரும்பவில்லை. நூல் சுற்றும் கை மட்டும் ஒரு கணம் நின்று மறுபடி சுற்றியது.

அன்று மாலை, எங்களுக்கு அறை கொடுத்திருந்த வீட்டுக்கார அம்மாவிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். அறையில் ஈர மரத்தின் வாசம், ஜன்னல் கொக்கி வேறு சரியாக விழவில்லை. அதைப் புகாராகச் சொல்லப் போனவள், பேச்சை மாற்றிவிட்டேன்.

"அவளா?" என்று அந்த அம்மா குரலைத் தணித்தார். வீட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. "கட்டின புருஷனையே காட்டிக் குடுத்தவ. அவ உங்களுக்கு நண்டையா காட்டிக் குடுக்க மாட்டா?"

கதை இதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அந்தக் கடையின் சமையல்காரர் நூலக்காவின் கணவர். ஒருநாள் சாப்பிட வந்த கூட்டம் நண்டை மாற்றிவிட்டார்கள் என்று சண்டை பிடித்தது. அவர் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "மாத்தினதுதான். பழசு வாளியில இருந்தது, நானே பாத்தேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கணவர் அந்த மாதமே கப்பல் வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான். முதலாளி மட்டும், இவளைப்போல ஒருத்தி வாசலில் நின்றால் கடைக்கு நல்லது என்று நூல் வேலையில் உட்காரவைத்தார்.

"இப்ப அடுப்புல நிக்கறது யாருங்கறீங்க? அவ கொழுந்தன். அந்தப் புருஷனோட தம்பி. பத்தொன்பது வருஷமா ஒரே கடை, ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. எப்ப அவ சோத்துல மண்ணைப் போடலாம்னு காத்துக்கிட்டு இருக்கான்."

"அப்படியா சொன்னாரு?"

"சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

ஊர் முழுக்கவே என்னைப்போல இருக்கிறார்கள் என்று நினைத்தபடி, கொக்கிக்குப் பதில் நாற்காலியை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை, படகுச் சவாரிக்கு நேரம் இருந்ததால் கடைப்பக்கம் போனேன். நூலக்கா வாசலில் ஒரு சின்ன அடுப்பு வைத்துக் கொதிக்கும் தண்ணீரில் புது நூல்கண்டைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சாயம் போகாதுன்னு கடைக்காரன் சொன்னான்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "அவன் சொன்னா ஆச்சா? ஒருதடவை சிவப்பு கரைஞ்சு ஒரு பானை நண்டும் ரோஸ் கலராப் போச்சு."

"இங்கே எல்லாத்தையும் நீங்க சோதிச்சுதான் பாப்பீங்களா?"

"சோதிக்காம விட்டதுல ஒண்ணு கப்பல் ஏறிப் போயிருச்சு." சிரித்தாரா என்று தெரியவில்லை. "வீட்டுக்காரம்மா எல்லாம் சொல்லியிருப்பாங்களே. எத்தனை வாளின்னு சொன்னாங்க?"

"ஒரு வாளி."

"பரவாயில்ல. போன வருஷம் மூணு வாளியா இருந்துச்சு."

பிறகு அவரே பேசினார். வாடகை வீடு, ஒற்றை அறை. கண் நன்றாகத் தெரிகிறது, ஆனால் முழங்கால் மடங்காது, அதனால் சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்கும் வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த முக்காலி போனால் வேறு முக்காலி கிடையாது. "இன்னொரு புகார் வந்தா ஒண்ணாம் தேதி வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு முதலாளி. அதனால, தாயே, மதியம் நீங்க வந்தீங்கன்னா நல்லாப் பாத்து எடுங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா புகார் சொல்ற மூஞ்சியா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான் என்பதால்.

உள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "வெளிய இருக்கறவங்ககிட்ட சொல்லுங்கப்பா, அடுப்பை வாசல்ல வெச்சா காத்து உள்ள வராதுன்னு." உள்ளே கொழுந்தனார் ஒருவர்தான். சுவரிடம் சொல்கிறார்.

நூலக்கா தொட்டியிடம் பதில் சொன்னார். "உள்ள இருக்கறவருக்குக் காத்து வேணும்னா ஜன்னலைத் திறந்துக்கச் சொல்லு."

நண்டு ஒன்று குமிழி விட்டது.

மதியம் நாங்கள் போனபோது கடை வாசலில் ஒரு பெரிய பஸ் நின்றது. பறவை பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் பசியோடு இறங்கியிருந்தது. முதலாளி அடுப்படி ஜன்னலுக்கும் கல்லாவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். "சீக்கிரம், சீக்கிரம், பஸ்ஸு ரெண்டு மணிக்குக் கிளம்புது!"

நான் அவசரப்படவில்லை. தொட்டியில் நன்றாகப் பார்த்து, இருப்பதிலேயே அகலமான ஒரு சேற்று நண்டைக் காட்டினேன். முதுகில் வெள்ளையாக மூன்று புள்ளி. நூலக்கா அதைத் தூக்கிக் கையால் எடை பார்த்து, அடிவயிற்றை விரலால் அழுத்தி, "சதை இருக்கு" என்றார். கொடுக்கைக் கட்டியிருந்த தடிக் கயிற்றுக்கு மேலே பச்சை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுபாதியை நான் பர்ஸின் உள்பையில் வைத்து ஜிப்பை மூடினேன். எங்களுக்குப் பின்னால் நின்ற, பூப்போட்ட சட்டைக்காரர் ஒருவர் பார்க்காமலேயே ஏதோ ஒன்றைக் காட்டிச் சிவப்பு நூல் வாங்கிக்கொண்டு போனார்.

கால் மணி நேரத்தில் தட்டு வந்துவிட்டது. அதுவே எனக்கு உறுத்தியது. நேற்று அரை மணிக்கு மேல் ஆனதே.

பச்சை நூல் இருந்தது. நூலக்கா என் துண்டை வாங்கிச் சேர்த்துப் பிடித்தார். பொருந்தியது; துண்டு என் பர்ஸுக்கே திரும்பியது. ஆனால் நூல் கட்டிய கொடுக்கு உடம்போடு ஒட்டி இல்லாமல், தனியாக அதன் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நண்டும் நான் காட்டிய அகலம் இல்லை. முதுகில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இது எங்க நண்டு இல்ல" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தச் சொல்லுக்கென்றே முதலாளியின் காது காத்திருந்ததுபோல ஓடிவந்தார். "பாத்தீங்களா? பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? நூல் இருக்கு, நண்டு இல்ல! இதுக்குத்தான் சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்கேன்!"

"வெந்தா சுருங்கும், விடு" என்று கணவர் என் காதில் கிசுகிசுத்தார். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. காலையில் கேட்ட ஒற்றை அறையும் மடங்காத முழங்காலும் நினைவில் இருந்தன. அதே சமயம் உள்ளே ஒரு குரல்: இவ்வளவையும் உன்னிடம் எதற்காகக் காலையிலேயே சொன்னார்? மதியம் நீ வாயைத் திறக்காமல் இருக்கத்தானோ?

நூலக்கா முதலில் அடுப்படி ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பத்தொன்பது வருஷக் கணக்கும் இருந்தது. கடைசியில் செய்துவிட்டானா? ஜன்னலுக்குள்ளிருந்து கொழுந்தனாரும் இவரைப் பார்த்தார். தன்னை மாட்டவைக்க இவளே நூலை மாற்றிக் கட்டினாளா என்று கேட்கிற பார்வை அது. இருவருக்கும் நடுவில் நீராவி மட்டும்.

பிறகு நூலக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். தனிக் கொடுக்கை எடுத்து மேஜையில் வைத்தார். நண்டின் உடம்பில் ஒட்டியிருந்த மற்றக் கொடுக்கை விரித்து, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். மறுபடி பார்த்தார்.

"இங்க பாருங்க" என்றார் என்னிடம். "ரெண்டும் வலது கை."

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. இரண்டு கொடுக்கும் ஒரே பக்கம் வளைந்திருந்தன, ஒரே காலுக்கான இரண்டு செருப்புபோல. எந்த நண்டுக்கும் இரண்டு வலது கை இருக்க முடியாது.

"அப்ப இந்தக் கடையில எங்கயோ ரெண்டு இடது கையோட ஒரு நண்டு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரவர் தட்டை அணைத்துக்கொண்டார்கள். ஏழாவது மேஜையில் பூப்போட்ட சட்டைக்காரர். அவர் தட்டில் சிவப்பு நூலோடு ஒரு கொடுக்கு, அப்போதுதான் உடைத்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த பெரிய ஓடு. நூலக்கா அதை நிமிர்த்தினார். வெள்ளையாக மூன்று புள்ளி.

"உங்களுக்குப் பெரிசா வந்திருக்கே, சொல்லக் கூடாதா?"

"பெரிசா வந்தா யாராவது புகார் சொல்வாங்களா?" என்றார் அவர், வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கியபடி. "சாப்பிட்டாச்சு. திருப்பிக் கேக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

கடை முழுக்கச் சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "எப்படி மாறுச்சு? அதைச் சொல்லு. உள்ள யாரு மாத்தினது?"

நூலக்கா அடுப்படி ஜன்னலுக்குப் போனார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்; பஸ் டிரைவர்கூட வாசலில் வந்து நின்றார். சுவரிடமும் இல்லை, தொட்டியிடமும் இல்லை, நேராக உள்ளே பார்த்துக் கேட்டார்.

"தம்பி, ஐஸ்ல போட்டீங்களா?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

நண்டைக் கொதிநீரில் போடுவதற்கு முன் அரை மணி நேரம் ஐஸில் வைக்க வேண்டும். அப்போதுதான் மரத்துப்போய் அசையாமல் வேகும். அப்படியே போட்டால் சூடு பட்டதும் கொடுக்கை உதறிவிடும். பல்லி வாலை விடுவதுபோல. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

"போடல அண்ணி" என்றது குரல். "பஸ்ஸு வந்துருச்சு. எல்லாத் தட்டும் உடனே வேணும்னாரு. ஒரே பானையில ரெண்டு மூணாப் போட்டேன். உதறிருச்சு. அவசரத்துல கைக்கு வந்ததைச் சேத்து வெச்சேன்." கரண்டியை வைத்துவிட்டு, "சொல்லிருங்க. அண்ணனைச் சொன்ன மாதிரி என்னையும் சொல்லிருங்க. அதுக்குத்தானே நிக்கறீங்க" என்றார்.

"உங்க அண்ணன் செத்ததைப் போட்டாரு. நீங்க உயிரோட இருந்ததைத்தான் போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணாயிருமா?"

நூலக்கா திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: இரண்டு நண்டும் உயிரோடு போனவை, தன் கையால் நூல் கட்டியவை, கெட்டது எதுவும் யார் தட்டிலும் இல்லை. ஐஸ் வைக்காததால் கொடுக்கு கழன்று இடம் மாறிவிட்டது. "ஐஸ் வைக்க விடாதது யாருன்னு முதலாளிக்கே தெரியும்."

முதலாளி அட்டைப்பெட்டியைக் காட்டினார். "கேமரா இருந்திருந்தா இந்த வம்பே இல்லையே."

"இருந்திருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்? ஒருத்தர் நண்டைப் பானையில போட்டாரு, எடுத்தாருன்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டு வலது கை தெரிஞ்சிருக்குமா? எல்லாரும் டிவியைப் பாத்துக்கிட்டு, அடுத்தவங்க நண்டைத் தின்னுட்டுப் போயிருப்பாங்க."

பூப்போட்ட சட்டைக்காரர் கை தட்டினார். அவருக்கு நல்ல மனநிலை. அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். கூட்டத்தைப் பார்த்த முதலாளி முகத்தை மாற்றிக்கொண்டு, "சரி சரி, நூலே இருக்கட்டும். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்றார்.

"எழுதிக் குடுங்க" என்றார் நூலக்கா.

"என்னத்தை?"

"நூல் இருக்கும், நானும் இருப்பேன்னு. சாட்சிக் கையெழுத்தோட."

முதலாளி சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதினார். நூலக்கா அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். "நீங்க ரெண்டு மொழி படிச்சவங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. ரெண்டுலயும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒண்ணுல நழுவினா இன்னொண்ணுல மாட்டணும்."

எழுதினேன். என் அலுவலகத்தில்கூட அவ்வளவு கவனமாக நான் மொழிபெயர்த்ததில்லை. தேதி போட்டேனா என்றும் அவரே சரிபார்த்தார்.

எங்களுக்குப் புதிதாக ஒரு நண்டு வந்தது, ஐஸில் வைத்து, முழு அரை மணி கழித்து. பஸ் போய்விட்டது. கடை காலியாகியிருந்தது. நாங்கள் கை கழுவும்போது அடுப்படி ஜன்னல் வழியாக இன்னொரு தட்டு வெளியே வந்தது. நான் முதலில் விட்டுவைத்த அந்தச் சின்ன நண்டுதான், சுடவைத்தது.

"அண்ணி, சாப்பிட்டுருங்க" என்றார் கொழுந்தனார். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

நூலக்கா தட்டை முக்காலியில் வைத்து, குனிந்து மோந்து பார்த்தார். ஓட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். பச்சை நூல் கட்டிய கொடுக்கை எடுத்து, முடிச்சு தன்னுடையதுதானா என்று வெளிச்சத்தில் பார்த்தார். மூடிய ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையில் மெதுவாகக் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார். "தாயே, அந்தப் பச்சை நூலை எங்க கொண்டு போறீங்க?"

"ஞாபகத்துக்கு வெச்சுக்கலாம்னு…"

"ஞாபகம் மனசுல இருக்கட்டும்." சாப்பிடாத கையை நீட்டினார். "நாளைக்கு யாராவது இதைக் கொண்டுவந்து என் நண்டு எங்கேன்னு கேட்டா நான் எங்க போறது? குடுங்க இங்க."

பர்ஸின் ஜிப்பைத் திறந்து கொடுத்தேன். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, வெட்டுவாய் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்னைப் போகவிட்டார்.